தோளுக்கினியான்

உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் சற்று நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றால், தூக்குவதற்கும் ஏற்றுவதற்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கும் தமிழில் சொல்லே கிடையாதோ என்று தோன்றிவிடும். மூட்டைக்கு லக்கேஜ் போட வேண்டும் என்கிறார் நடத்துநர். லோடு ஏறியாச்சா என்று கைப்பேசியில் கேட்கிறார் ஒருவர். இது நாலாவது ட்ரிப் என்கிறார் எம்.சாண்ட் ஏற்றும் டிப்பர் லாரிக்காரர். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகிற கம்பெனி பஸ்ஸுக்காகப் பெண்கள் காத்திருக்கும் புளியமரத்தடி பிக்கப் பாயிண்ட். வழியில் போகிற வண்டியை நிறுத்தி ஏறிக்கொண்டால் லிஃப்ட், இறக்கிவிட்டால் டிராப். சைக்கிளின் பின்னால் இருக்கிற கம்பித் தட்டும் கேரியர், சோறு போகிற அடுக்குப் பாத்திரமும் கேரியர். நெல் மூட்டையைத் தோளில் ஏற்றி இறக்குகிறவர் லோடுமேன்.

பொருளோடு அதன் பெயரும் வந்து சேர்வது எல்லா மொழிகளுக்கும் நடப்பதுதான். இதற்காகத் தமிழுக்கு ஆபத்து என்று கலங்க வேண்டியதில்லை. யோசிக்க வைப்பது வேறொன்று. இந்தச் சொற்கள் வண்டியைச் சொல்கின்றன, நடையைச் சொல்கின்றன, சரக்கையும் இடத்தையும் சொல்கின்றன. சுமக்கிற உடம்பைச் சொல்வதில்லை. ஆள் இருக்கிற ஒரே சொல் லோடுமேன், அதிலும் அவர் லோடுக்கு உரிய ஆளாகத்தான் வருகிறார். பழைய பேச்சில் தலைச்சுமை இருந்தது, காவடி இருந்தது, தலைக்கும் பாரத்துக்கும் நடுவே சுருட்டி வைக்கிற துணிக்குச் சும்மாடு என்று ஒரு பெயர் இருந்தது. சுமை எந்த உறுப்பின்மேல் ஏறுகிறது என்பது சொல்லும்போதே தெரிந்துவிடும். அதனால் அந்தக் காலம் அந்த உறுப்பை மதித்தது என்று சொல்லிவிட முடியாது. தெரிந்திருந்தது, அவ்வளவுதான். லோடு, ட்ரிப், டெலிவரி என்று பேசப் பழகிய பிறகு தெரியாமல் இருப்பது நமக்குச் சுலபமாகிவிட்டது.

இந்தச் சொற்களின் போக்குவரத்து ஒருவழிப் பாதையாகவும் இருந்ததில்லை. இந்தியாவில் ஆங்கிலேயர் தம் வழக்கில் சேர்த்துக்கொண்ட சொற்களைத் தொகுத்து 1886-இல் வெளிவந்தது ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி. தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அதைப் புரட்டினால் சுமப்பதும் சுமக்கப்படுவதுமான பெயர்கள் அடிக்கடி எதிர்ப்படுகின்றன. வண்டி ‘பாண்டி’ ஆகியிருக்கிறது, கட்டுமரம் ‘கேட்டமரான்’ ஆகியிருக்கிறது, பல்லக்கு போர்ச்சுகீசியர் வாய்வழியாகப் போய் ‘பாலங்க்வின்’ ஆகியிருக்கிறது, டோலி ‘டூலி’யாக நிற்கிறது. பல்லக்குத் தூக்குகிறவர்களுக்குத் தெலுங்கில் போயி என்று பெயர். அது பையனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு ஒலியில் ஒட்டிக்கொள்ள, தலை நரைத்த பின்னும் தண்டைத் தோளில் தாங்கியவர் பையனாகவே இருந்துவிட்டார். ஒரு நாட்டை ஆள வந்தவர்கள் முதலில் கற்றுக்கொண்ட சொற்களில், தங்களைத் தூக்கிச் செல்ல ஆள் கூப்பிடும் சொற்கள் இருந்ததில் வியப்பில்லை.

அவற்றுள் அதிக தூரம் போனது கூலி. அது தமிழ்க் கூலியிலிருந்து போனதா, குஜராத் பக்கத்துக் கோலி மக்களின் பெயரிலிருந்து போனதா என்பதில் அகராதிக்காரர்களுக்குள் ஒருமித்த முடிவில்லை. இரண்டும் கலந்திருக்கலாம் என்பாரும் உண்டு. நம்மிடம் கூலி என்றால் செய்த வேலைக்குக் கொடுக்க வேண்டியது. ஆங்கிலத்தில் அந்தக் கொடுக்க வேண்டியது மறைந்து, வேலை செய்கிற ஆளே கூலி ஆகிவிட்டார். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் 1860 நவம்பர் 16-ஆம் தேதி டர்பன் துறையை அடைந்தபோது, நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத்தில் போனவர்கள் அந்தப் பெயரோடுதான் கரையிறங்கினார்கள். பின்னால் அங்கே கடை வைக்கப் போனவர்கள் கூலி வணிகர்கள் ஆனார்கள்; வழக்காடப் போன காந்தி கூலி பாரிஸ்டர் ஆனார், சத்திய சோதனையில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

இதை வெள்ளைக்காரரின் வன்மம் என்று ஒதுக்கிவிட்டு நாம் நிம்மதியாக இருக்கலாம்தான். ஆனால் கூலிக்காரன் என்ற சொல்லை நம் வீடுகளில் எந்தத் தொனியில் சொல்கிறோம் என்பது நமக்குத் தெரியும். படிக்காவிட்டால் மூட்டை தூக்கத்தான் போவாய் என்பது இன்றும் பிள்ளைகளை மிரட்ட நாம் எடுக்கிற ஆயுதம். அந்தப் பிள்ளையின் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளி வேன் வரைக்கும் நடக்கிற பாட்டி அதைக் கேட்டுக்கொண்டேதான் நடக்கிறாள். 2016 பிப்ரவரியில் ரயில்வே பட்ஜெட்டை வாசித்த அமைச்சர் சுரேஷ் பிரபு, ரயில் நிலையக் கூலிகள் இனிமேல் ‘சகாயக்’, அதாவது உதவியாளர், என்று அழைக்கப்படுவார்கள் என்று அறிவித்தார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். பெயர் மாறியதால் பெட்டியின் கனம் குறைந்துவிடவில்லை என்று சொல்வது எளிது. அதைவிட உறுத்துவது, சக்கரம் வைத்த பெட்டிகள் வந்து அந்த வேலையே தேய்ந்துகொண்டிருந்த நேரத்தில்தான் நமக்கு அதற்கு ஒரு மரியாதையான பெயர் தேடத் தோன்றியது என்பது.

உத்திரமேரூருக்கு வெளியூர்க்காரர்கள் வருவது பெரும்பாலும் கல்வெட்டைப் பார்க்க. வைகுந்தப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-இலும் 921-இலும் பொறிக்கப்பட்ட குடவோலை முறை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனை எடுக்கச் சொல்லித் தேர்ந்திருக்கிறார்கள். கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை, அவனுடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமரும் இந்த ஊரைச் சொல்லிப் பெருமைப்பட்டார். நியாயமான பெருமை. ஆனால் ஓலையில் பெயர் ஏற வேண்டுமானால் வரி செலுத்தும் நிலம் கால்வேலி வேண்டும், சொந்த மனை வேண்டும், வேதக் கல்வி வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். அதே கல்வெட்டு ஏரி வாரியம் என்று ஒன்றையும் சொல்கிறது. இந்த ஊரின் பேரேரிக்கு அன்று வைரமேகத் தடாகம் என்று பெயர். ஏரியைக் காப்பது என்றால் வண்டல் எடுப்பது, கரையை உயர்த்துவது. கூடை கூடையாக மண் சுமப்பது. வாரியத்தில் இருந்தவர்கள் மேற்பார்த்திருப்பார்கள். சுமந்தவர்கள் எந்தக் குடும்பின் குடத்திலும் இல்லை.

நம் காலத்தில் இதே வட்டாரத்து ஏரிகளில் நூறு நாள் வேலைப் பெண்கள் மண் கூடையைக் கைமாற்றிக் கரையேற்றியிருக்கிறார்கள். அவர்கள் பெயர் பதிவேட்டில் ஏறியது. கைப்பேசியில் படமும் எடுக்கப்பட்டது. ஆயிரம் ஆண்டுகளில் இது பெரிய மாற்றம்தான். படம் எடுத்தது நினைவுக்காக அல்ல, வந்தார்களா என்று சரிபார்க்க. சும்மா உட்கார்ந்துவிட்டுக் காசு வாங்குகிறார்கள் என்று டீக்கடையில் உட்கார்ந்து பேசுகிற நம்மை யாரும் படம் எடுத்துச் சரிபார்ப்பதில்லை.

உத்திரமேரூருக்கு வடகிழக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடத்தில் திருமுக்கூடல். அங்கே வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, கோயிலை ஒட்டி நடந்த வீரசோழன் என்னும் ஆதுலசாலையைப் பற்றிப் பேசுகிறது. நோயாளிகளுக்குப் பதினைந்து கிடைகள். மருத்துவர் ஒருவர், அறுவை செய்கிறவர் ஒருவர், மருந்துக்கு வேண்டிய பச்சிலையும் விறகும் கொண்டுவர இருவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர், தண்ணீர் கொண்டுவர ஒருவர். ஒவ்வொருவருக்கும் என்ன கொடுக்க வேண்டும் என்றும் கல்லிலேயே இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டுக் கோயில் ஒன்றுக்கு, விறகு சுமக்கிறவரையும் தண்ணீர் சுமக்கிறவரையும் சேர்க்காமல் மருத்துவமனைக் கணக்கை முடிக்க முடியாது என்று தோன்றியிருக்கிறது. குடவோலைக் கல்வெட்டுக்கு வருகிற கூட்டத்தில் இங்கே வருகிறவர் மிகக் குறைவு.

மாட்டுப் பொங்கலன்று மட்டும் திருமுக்கூடலில் கூட்டம் கொள்ளாது. காஞ்சி வரதராஜர் பழைய சீவரம் மலைக்கு எழுந்தருளிவிட்டு ஆற்றைக் கடந்து இங்கே வருவார்; பழைய சீவரம் நரசிம்மர், காவாந்தண்டலம் லட்சுமி நாராயணர், சாலவாக்கம் சீனிவாசர், இந்த ஊர் அப்பன் வெங்கடேசர் என்று ஐந்து பெருமாள்கள் ஓரிடத்தில் சேர்வார்கள். பெருமாளைச் சுமக்கிறவர்களுக்கு ஸ்ரீபாதந்தாங்கிகள் என்று பெயர். சுமக்கிறவனை இதைவிடக் கௌரவமாகக் கூப்பிட்ட பெயர் நம்மிடம் வேறு இருப்பதாகத் தெரியவில்லை. பெருமாள் எழுந்தருளும் ஒருவகைச் சப்பரத்துக்குத் தோளுக்கினியான் என்று பெயர். தோளுக்கு இனியது. தண்டு அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன தோளை ஒருமுறை பார்த்தவர்களுக்கு, இந்தப் பெயரை வைத்தது மேலிருந்தவரின் அன்பரா, கீழிருந்தவரா என்ற கேள்வி வராமல் போகாது. சரோஜினி நாயுடு 1905-இல் வெளியிட்ட ‘தி கோல்டன் திரெஷோல்ட்’ தொகுப்பிலும் பல்லக்குத் தூக்கிகளைப் பற்றிய ஒரு கவிதை உண்டு. பள்ளி ஆங்கிலப் பாடத்தில் இடம்பெற்றது. அதில் தூக்கிகள் பாரம் என்ற நினைப்பே இல்லாமல் பாடிக்கொண்டு போகிறார்கள். உள்ளே இருக்கும் பெண்ணின் மென்மை எல்லாம் அதில் வந்துவிடுகிறது, வெளியே இருக்கும் எலும்பு வருவதில்லை.

ஆனாலும் கீழிருந்தவரே வைத்த பெயராகவும் இருக்கலாம் என்பதை நாம் மறுத்துவிட முடியாது. தண்டின்கீழ் இடம் கிடைக்காதா என்று முண்டியடிக்கிற கூட்டத்தை நாம் பார்த்திருக்கிறோம். வாழ்நாள் முழுதும் ஒரு மூட்டையைத் தொடாதவர்களும் அதில் உண்டு. அதே தோள், அதே பாரம். ஒரு நாள் பாக்கியம், மறுநாள் இழிவு. மேலே இருப்பதன் மதிப்பைக் கீழே இருப்பவருக்குக் கொடுத்தும் பறித்தும் பழகிவிட்டோம். பக்தியைக் குறை சொல்லவில்லை. பக்தி ஒரு நாள் கண்டுகொள்கிற தோளை மற்ற நாட்களில் சந்தை ஏன் கண்டுகொள்வதில்லை என்பதுதான் கேள்வி.

இதைப் பற்றி நம்மிடம் இருக்கிற ஆழமான கதையைச் சொன்னவரும் இந்தக் காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர்தான். குன்றத்தூர்ச் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிறார்: சம்பந்தர் திருப்பூந்துருத்திக்குச் சிவிகையில் வருகிறார். வரவேற்க வந்த முதியவர் அப்பர், யாரும் அறியாமல் கூட்டத்துக்குள் புகுந்து சிவிகை தாங்குகிறவர்களோடு சேர்ந்துகொள்கிறார். அப்பர் எங்கே என்று சம்பந்தர் கேட்க, கீழேயிருந்து பதில் வருகிறது. சம்பந்தர் பதறி இறங்கிவிடுகிறார். நாம் இந்தக் கதையை அப்பரின் பணிவுக்காகச் சொல்கிறோம். இறங்கியதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கீழே இருப்பவர் யார் என்று தெரிந்த பிறகு மேலே உட்கார்ந்திருக்க முடியவில்லை. கதை அங்கேதான் திரும்புகிறது. மற்ற தூக்கிகள் யார் என்று தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று புராணத்தைக் கேட்பது முறையல்ல. நம்மைக் கேட்டுக்கொள்ளலாம்.

மனிதனை மனிதன் இழுக்கக் கூடாது என்று சொல்லி 1973-இல் கருணாநிதி அரசு கை ரிக்‌ஷாவை ஒழித்து, இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தது. பாதம் தரையிலிருந்து பெடலுக்கு ஏறியது. இருந்தாலும் அது ஏற்றம்தான். 2022-இல் தருமபுரம் ஆதீனத்தின் பட்டினப் பிரவேசத்தில் மனிதரை மனிதர் பல்லக்கில் சுமப்பதற்கு மயிலாடுதுறைக் கோட்டாட்சியர் தடை விதித்தபோது, மனித மாண்பு என்றார்கள் ஒரு பக்கம், மரபு என்றார்கள் மறுபக்கம். விரும்பித்தான் சுமக்கிறோம் என்றார்கள் சுமக்கிறவர்கள். தடை விலகி, மே 22 அன்று பல்லக்கு வீதி வந்தது. விருப்பத்தோடு தூக்குகிறவரிடம் உனக்கு மாண்பில்லை என்று சொல்ல நமக்கு உரிமை இருக்கிறதா? தூக்க விரும்புகிறவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கிடைத்துக்கொண்டே இருப்பது எப்படி, உட்கார விரும்புகிற இடம் மட்டும் ஏன் மாறுவதில்லை? இரண்டு கேள்விகளும் உண்மையானவை. அந்த மாதம் சத்தமாகப் பேசிய பலருக்கு ஒரு கேள்விதான் கேட்டது.

விருப்பம் என்ற பேச்சுக்கே இடமில்லாத சுமைகளும் இருக்கின்றன. 2019 ஆகஸ்டில், வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், தலித் ஒருவரின் உடலைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக வயல் வழியில் இடம் கிடைக்காமல், பாலாற்றுப் பாலத்திலிருந்து பாடையைக் கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். உத்திரமேரூர் வட்டாரத்தைத் தொட்டுக்கொண்டு போகிற அதே பாலாறு. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலை, ஆம்புலன்ஸ் சாலை முடிகிற இடத்தில் இறக்கிவிட, தாய் கையில் சுமந்து மலையேறினாள். தமிழ்நாட்டில் 108 ஓடத் தொடங்கியது 2008-இல். அமரர் ஊர்தியும் இருக்கிறது. வண்டிக்குப் பெயர் வைப்பதில் நாம் குறை வைக்கவில்லை. வண்டி போகிற வழி யாருடையது என்பதில்தான் இன்னும் தகராறு.

பழைய சாலைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கற்களை இன்னும் சில இடங்களில் பார்க்கலாம். நட்ட இரண்டு கல், மேலே படுத்த ஒரு கல், தோள் உயரம். தலைச்சுமையோடு வருகிறவர் குனியாமலே பாரத்தை அதன்மேல் தள்ளிவிட்டு இளைப்பாறி, தூக்கிவிட ஆள் தேடாமல் மறுபடி ஏற்றிக்கொண்டு போகலாம். கருவுற்றிருந்தபோது இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் நட்டு வைப்பது வழக்கம். இறக்கி வைக்க முடியாமல் போனவளுக்காக, யாரென்றே தெரியாதவர்கள் இறக்கி வைக்க ஓரிடம். இதைச் செய்த அதே சமூகம்தான் சுமக்கிறவர்களை ஊருக்கு வெளியே குடிவைத்தது. எந்தச் சாதிச் சுமையும் அந்தக் கல்லின்மேல் இறங்கலாமா என்று நம் பாட்டனார்களிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ. கல் கேட்கவில்லை. சாலையை அகலப்படுத்தும்போது இப்போது அது இடைஞ்சல்.

நம் வியாபாரத்தில் நெல் மூட்டை என்றால் 75 கிலோ. சிமெண்ட் மூட்டை 50 கிலோ. வளர்ந்த ஆண் ஒருவர் தூக்கக்கூடிய உச்ச எடை 55 கிலோ என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இலேயே பரிந்துரைத்துவிட்டது. உடலுழைப்புத் தொழிலாளர்களுக்காகத் தமிழ்நாடு 1982-இல் சட்டம் போட்டது. அரசின் நேரடி கொள்முதல் நிலையங்களில் நெல்லை 40 கிலோ மூட்டையாகத்தான் பிடிக்கிறார்கள். அங்கே நெல் விலை போகாமல் இருந்துவிடவில்லை. மூட்டையின் எடை மழையைப் போல வானத்திலிருந்து வருவது அல்ல, யாரோ முடிவு செய்வது. சாக்கு சிறிதானால் மூட்டை எண்ணிக்கை கூடும், மூட்டைக்கு இவ்வளவு என்று பேசிய கூலி கட்டுப்படியாகாது என்று வியாபாரிகள் சொல்வார்கள். குவிண்டாலுக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளட்டும். நெல்லை எடை போட்டுத்தானே வாங்குகிறார்கள். அடுத்த அறுப்புக்கு முன் நெல் விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் லோடுமேன்களை உட்கார வைத்துக்கொண்டு இதை ஒருமுறை பேசி முடித்துவிட வேண்டும்.